மாணிக்கவேலுக்கு ஒரு நிமிட மௌனம்

கிழக்குக் கடற்கரைச் சாலை,
28.12.2004

அன்புள்ள எப்சி,

நான் உயிரோடு இருக்கிறேன். டி.வி.யில் பார்த்துவிட்டுப் பதறிக்கொண்டிருப்பாய் என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன். அம்மாவும் குணா அண்ணனும் பத்திரம். அப்பா இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் இரண்டு பேரோடு படகில் போனவர். அலை ஒன்பது மணிவாக்கில் வந்தது. நான் அப்போது தாம்பரத்தில் ஹாஸ்டலில் இருந்தேன். முதல் நாள் கிறிஸ்துமஸுக்கு நம் இளையோர் சிம்பொனி குழு சர்ச் ஹாலில் வாசித்தது. நீ இங்கிலாந்துக்கு, லீட்ஸுக்குப் படிக்கப் போன பிறகு முதல் வயலின் வரிசையில் உன் நாற்காலி ஷெர்வினுக்குப் போய்விட்டது. வில்லைத் தூக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களை முழங்கையால் இடிக்கிறான். அதை உனக்கு எழுத வேண்டும் என்று சிரித்துக்கொண்டே தூங்கப் போனேன்.

எங்கள் குப்பத்தில் பதினொரு பேர் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு செல்லம்மா அக்காவின் புருஷன் கன்னியப்பன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர். சவுக்குத் தோப்பில் கிடைத்தார். எங்கள் வீட்டில் இரண்டு சுவர் மட்டும் நிற்கிறது. ஊரே இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறோம். மணமேடையில் பத்துக் குழந்தைகள் தூங்குகின்றன.

பகலெல்லாம் கரையில் உட்கார்ந்து வருகிற படகுகளை எண்ணுகிறேன். நேற்று ஏழு. இன்று நான்கு. எங்களுடையது அதில் இல்லை.

இன்று காலையில் கேமராவோடு ஒருவர் வந்தார். அம்மா அழுதுகொண்டிருந்ததைப் படம் எடுத்தார். பிறகு அம்மாவிடம், வெளிச்சம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை அந்தப் பக்கம் திரும்பி அழ முடியுமா என்று கேட்டார். அம்மாவுக்குப் புரியவே இல்லை. அவர் சொன்ன பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் போய் என் கையால் கேமராவை மூடினேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்றார். எப்சி, அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பிரௌசிங் சென்டரில் தமிழ் எழுத்து வராது, எனக்கு இங்கிலீஷில் அழ வராது. அதனால்தான் கடிதம். உன் ஜெபத்தில் அப்பாவைச் சேர்த்துக்கொள்.

உன்
பொன்னி


தாம்பரம்,
6.1.2005

அன்புள்ள எப்சி,

அப்பா வந்துவிட்டார்.

போன கடிதம் உனக்குக் கிடைத்ததா தெரியவில்லை. கிடைத்திருந்தால் இதைப் படித்துவிட்டு அதைக் கிழித்துப் போடு. 31ஆம் தேதி மத்தியானம் ஒரு லாரியின் முன் சீட்டிலிருந்து இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ஆழத்தில் இருந்ததால் அலை அவர்களுக்குத் தெரியவே இல்லையாம். படகு ஒரு தடவை மெதுவாக ஏறி இறங்கியதாம், அவ்வளவுதான். திரும்பி வரும்போதுதான் கதவும் பாயும் கட்டிலும் மிதந்து வந்திருக்கின்றன. அறுந்து மிதந்த வலை என்ஜினில் சுற்றிக்கொண்டு, நீரோட்டம் தெற்கே தள்ளி, மாமல்லபுரத்தைத் தாண்டிக் கரை ஏறும்போது படகு கவிழ்ந்துவிட்டது. மூன்று பேரும் பிழைத்தார்கள். அப்பாவுக்கு இடது கால் முறிவு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். எங்களுக்குச் சொல்லியனுப்ப அவருக்கு ஒரு போன் நம்பர்கூடத் தெரியாது.

அம்மா அவரைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு, முதுகில் நாலு அடி அடித்தாள். அப்புறம்தான் அழுதாள். மண்டபத்தில் இருந்த எல்லோரும் சிரித்தோம். செல்லம்மா அக்காவும் சிரித்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நேற்று ஒத்திகைக்குப் போனேன். எட்மண்ட் சார் எங்களை நடத்துவதற்குத் தூக்கிய குச்சியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். என் பித்தளை ஹார்னை எடுத்துக் கையில் கொடுத்தார். ஏப்ரலில் நகரத்தில் பெரிய அரங்கத்தில் சுனாமி நிவாரணக் கச்சேரி வைக்கக் குழுவின் கமிட்டி சார்பில் உன் அப்பா ஏற்பாடு செய்கிறாராம். ஒரு முழு சிம்பொனி. அதன் இரண்டாம் பகுதியில் ஹார்னுக்கு மட்டும் பதினெட்டு பார் நீளத்துக்குத் தனி வாசிப்பு வருகிறது. மற்றவர்கள் எல்லோரும் கீழே மெதுவாகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதை எனக்குக் கொடுத்திருக்கிறார். நாலு வருடமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து எண்ணி எண்ணி ஊதியதற்கு இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படலாமா, கூடாதா என்று தெரியாமல் சந்தோஷப்படுகிறேன்.

உன்
பொன்னி


லீட்ஸ்,
9.1.2005

என் பிரியமான பொன்னிக்கு,

கர்த்தர் உங்களைத் தாங்கட்டும்.

உன் கடிதம் நேற்று வந்தது. ஏழு, நான்கு என்று நீ எண்ணியதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா எனக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் முள்ளில்லாத மீன்தான் வாங்குவார்கள் என்று நான் சொன்னதற்கு, முள் இல்லாவிட்டால் அது மீனே இல்லை என்றார்.

இங்கே எல்லோரும் என்னிடம், உன் ஊர்தானே, உன் ஊர்தானே என்று கேட்கிறார்கள். நான் தாம்பரம், கடல் எங்களுக்குத் தள்ளி என்று சொன்னால் ஏமாந்துபோகிறார்கள். அப்பா ஒரு கச்சேரிக்கு ஏற்பாடு செய்வதாக போனில் சொன்னார். அதற்கு என்னால் இங்கிருந்து முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறேன். நீ தைரியமாக இரு. வகுப்புக்கும் ஒத்திகைக்கும் போ. தனியாக இருக்காதே.

உன்
எப்சி


லீட்ஸ்,
20.1.2005

என் பொன்னி,

உன் இரண்டாவது கடிதம் இப்போதுதான் வந்தது. நின்றபடியே படித்தேன். சமையலறையில் ஒரு சீனப் பெண் இருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என் சிநேகிதியின் அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லி அழுதேன். அவளும் காரணம் சரியாகப் புரியாமலே அழுதாள்.

நாளைக்கு ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். பதினெட்டு பாரையும் மூச்சு விடாமல் ஊத முயற்சி செய்யாதே. நீ அப்படித்தான் செய்வாய், எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு என் வணக்கம்.

உன்
எப்சி


தாம்பரம்,
12.4.2005

எப்சி,

கச்சேரி முந்தாநாள் நடந்தது. இதை நீ உட்கார்ந்து முழுதும் படிக்க வேண்டும்.

அரங்கம் நிறைந்துவிட்டது. அப்பா ஊன்றுகோலோடு வந்தார். குணா அண்ணன் கூட்டிக்கொண்டு வந்தான். புது வேட்டி, அயர்ன் செய்த சட்டை. மூன்று வருடமாக நான் ஊதுவதைக் கேட்கக் கூப்பிட்டு வராதவர், இந்தத் தடவை தானாகவே கேட்டுக்கொண்டு வந்தார். நடுவரிசையில் ஓரத்து நாற்காலி. மேடையிலிருந்து எனக்குத் தெரிந்தது.

முதல் பகுதி முடிந்ததும் தொகுத்து வழங்கிய அம்மாள் மைக்கின் முன்னால் வந்தார். என் பெயரைச் சொன்னார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார். என் மேல் ஒரு விளக்கைத் திருப்பினார்கள். பிறகு நிகழ்ச்சிப் புத்தகத்திலிருந்து இங்கிலீஷில் படித்தார். நான் கடலின் மகளாம். சங்கு ஊதிப் பழகிய மூச்சாம். பேரலை என் தந்தையைக் கொண்டுபோய்விட்டதாம். கரையில் உட்கார்ந்து நான் படகுகளை எண்ணினேனாம், முதல் நாள் ஏழு, மறுநாள் நான்கு, அவர் வரவே இல்லையாம். அநாதையாக நின்ற என்னை இந்தக் குழு அணைத்துக்கொண்டு கையில் இசையைக் கொடுத்ததாம்.

எனக்கு நீச்சலே தெரியாது, எப்சி. அம்மா எங்களைக் கடலில் கால் நனைக்கவே விடமாட்டாள். எங்கள் வீட்டில் சங்கு கிடையாது. நான் ஹார்ன் பிடித்தது தாம்பரத்து ஹாஸ்டலில், பள்ளிக்கூட பேண்டில் மற்ற வாத்தியங்களை மற்ற பெண்கள் எடுத்துக்கொண்டு போய், அது ஒன்று மட்டும் பீரோவில் மீந்து கிடந்ததால். இந்தக் குழுவில் நான் சேர்ந்தது 2000ஆம் வருடம். அலை வருவதற்கு நாலு வருடம் முன்பு.

அதற்கப்புறம் அந்த அம்மாள், பொன்னியின் தந்தை மாணிக்கவேலுக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றார். அரங்கம் முழுதும் எழுந்தது. எங்கள் அப்பாவும் எழுந்தார்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எல்லோரும் தலை குனிந்து நிற்பதைப் பார்த்து, யாரோ இறந்தவர்களுக்கு என்று மட்டும் புரிந்திருக்கிறது. அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொல்லியிருக்கிறான். "செத்தவங்களுக்குடா, எந்திரிச்சு நிக்கணும்" என்று அவன் கையைத் தட்டிவிட்டு, ஊன்றுகோலை அக்குளில் வைத்துக்கொண்டு, முறிந்த காலோடு ஒரு நிமிடமும் நின்றார். நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கத்தியிருக்க வேண்டும். ஏன் கத்தவில்லை என்று இரண்டு நாளாக என்னை நானே கேட்கிறேன். விளக்கு கண்ணில் அடித்தது. அதற்குள் எட்மண்ட் சார் குச்சியைத் தூக்கிவிட்டார். அவர் முகமும் வெளுத்திருந்தது. அவருக்கும் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

என் பதினெட்டு பாரும் நாசம். மூன்று இடத்தில் சுரம் உடைந்தது. கோபத்தில் உதடு நிற்கவில்லை. அவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள். என் வாழ்க்கையில் நான் மிக மோசமாக வாசித்த நாளுக்கு என் வாழ்க்கையிலேயே பெரிய கைத்தட்டல்.

பஸ்ஸில்தான் அண்ணன் அப்பாவிடம் சொன்னான். அப்பா ஊன்றுகோலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அப்புறம், "என் சாவுக்கு நானே எந்திரிச்சு நின்னுகினு இருந்தேனா?" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது கேட்கிறேன். நான் படகு எண்ணியது, ஏழு, நான்கு, அதை உனக்கு மட்டும்தான் எழுதினேன். நீ உன் அப்பாவிடம் சொன்னாயா? அவர் வேறு யாரிடமாவது சொல்லி எழுதி வாங்கினாரா? புத்தகத்தில் எழுதியவர் பெயர் இல்லை. யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த ஆளை நேரில் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

பொன்னி


லீட்ஸ்,
23.4.2005

அன்புள்ள பொன்னி,

உன் கடிதத்தைப் படித்து மனம் மிகவும் வருந்தியது. உன் அப்பா நின்றதை நினைக்க முடியவில்லை.

நீ எழுதியதில் சிலவற்றை நான் போனில் அப்பாவிடம் சொன்னது உண்மைதான். அந்த நாட்களில் அங்கே யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியாது, ஒரே குழப்பம். அச்சுக்குப் போன பிறகு மாற்ற முடியாமல் போயிருக்கலாம். யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள், பொன்னி. எல்லோரும் உங்களுக்கு நல்லது செய்யத்தான் நினைத்தார்கள். அதை நினைத்துக் கொஞ்சம் மனதை ஆற்றிக்கொள். அந்தக் கச்சேரியால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவி போயிருக்கிறது அல்லவா.

பரீட்சை நெருங்குகிறது. இங்கே மரங்களில் பூ வந்துவிட்டது, ஆனாலும் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியவில்லை. உன் படிப்பு எப்படிப் போகிறது? உதடு உடைந்ததை நினைத்துக் கவலைப்படாதே, எல்லோருக்கும் நடக்கும்.

உன்
எப்சி


தாம்பரம்,
5.5.2005

எப்சி,

மரத்தில் பூ வந்ததை எழுதியிருக்கிறாய். சரி.

அப்பாவும் நானும் போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரமாகப் பார்த்து உன் வீட்டுக்குப் போனோம். உன் அம்மா மோர் கொடுத்தார்கள். அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. உன் அப்பா இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. 29ஆம் தேதி தாம்பரத்தில் இதே நிகழ்ச்சியை மறுபடி வாசிக்கப்போகிறோம். அதே புத்தகம், அதே பேச்சு. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, போன தடவை தவறாகச் சொல்லிவிட்டோம், மாணிக்கவேல் உயிரோடு இருக்கிறார் என்று மைக்கில் ஒரு வரி சொல்ல வேண்டும். ஒரு வரி.

உன் அப்பா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மிகவும் அன்பாகப் பேசினார். "பொன்னி, உன் ஃபீலிங்ஸ் எனக்குப் புரியுதும்மா. ஆனா இப்போ போய் அவர் இறக்கலைன்னு அனௌன்ஸ் பண்ணா, மத்ததும் பொய்யோன்னு நினைப்பாங்க. இந்தக் குழுவோட பேரே கெட்டுடும். நாப்பது பிள்ளைங்க இருக்கீங்க. இந்த ஒரு தடவை விட்டுடலாம், அப்புறம் தானா மறந்துடுவாங்க" என்றார்.

அப்பா மோர் டம்ளரைக் கீழே வைத்தார். அப்போது கேட்டார். "அப்போ நான் இன்னா சார் பண்ணணும்? செத்துடணுமா?"

குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே வழி கேட்பவர் மாதிரி கேட்டார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இதை எழுதியது யார் என்று கேட்டேன். ஒரு நலம் விரும்பி என்றார். பெயரைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

எல்லோரும் நல்லது செய்ய நினைத்தார்கள் என்று நீ எழுதுகிறாய். செல்லம்மா அக்காவுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லவில்லை. எப்படியோ காதுக்குப் போய்விட்டது. நேற்று, மண்டபத்துக்குப் பிறகு எங்களுக்குப் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகை வாசலில் என்னை நிறுத்தி, "உங்கப்பனுக்கு ஊரே எந்திரிச்சு நின்னுச்சாமே பொன்னி. எங்க வூட்டுக்காரரு நெசமாவே செத்தாரே, அவரு பேர எவனாச்சும் சொன்னானா?" என்று கேட்டது. பதினொரு பேர், எப்சி. செத்த பதினொரு பேரில் ஒருவர் பெயர்கூட அந்தப் புத்தகத்தில் இல்லை. ஹார்ன் ஊதுகிற மகள் அவர்களுக்கு இல்லை, அதனால் அந்தச் சாவுக்கு அழகு போதவில்லை.

நீ அவர் மகள். உன்னிடம் மறைக்க மாட்டார். எழுதியது யார் என்று கேட்டு எனக்கு எழுது. அச்சுக்குப் போன பிறகு என்ற கதை எனக்கு வேண்டாம். அப்பா வந்தது டிசம்பரில். அச்சடித்தது மார்ச்சில்.

பொன்னி


லீட்ஸ்,
16.5.2005

பொன்னி,

அப்பாவிடம் கேட்கத் தேவையில்லை. எழுதியது நான்.

இந்த ஒரு வரியை எழுத நான்கு தாள் கிழித்தேன். இதற்கு மேல் எழுதுவதை நீ படிக்காமல் போட்டுவிட்டாலும் ஏன் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

உன் முதல் கடிதம் வந்த வாரத்தில் அப்பா கேட்டார், நிகழ்ச்சிப் புத்தகத்துக்கு இங்கிலீஷில் நல்லதாக ஒன்று எழுதிக் கொடு என்று. ஒரே மூச்சில் எழுதினேன். அழுதுகொண்டேதான் எழுதினேன், அதுவரை பொய் இல்லை. அன்றைக்கு உன் அப்பா வரவில்லை என்றுதான் எனக்குத் தெரியும். சங்கும், குழு உன்னை அணைத்துக்கொண்டதும் நான் சேர்த்தவை. அதை எங்கள் எழுத்துப் பயிற்சி வகுப்பில் படித்தேன். முடித்ததும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இங்கே வந்து நான்கு மாதத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பேராசிரியை என் தோளில் கை வைத்து, இதுதான் உன் குரல் என்றார். கல்லூரியில் நிவாரணக் கூட்டம் வைத்தபோது மேடையில் படிக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் உன் இரண்டாவது கடிதம் வந்தது.

சமையலறையில் நின்று அழுதேன் என்று எழுதினேனே, அது உண்மை. சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே, ஐயோ, நாளைக்கு என்ன படிப்பது என்று ஒரு நினைப்பு வந்தது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரை என்று உனக்கு எழுதியது அதைத்தான். உன் அப்பாவை அதில் உயிரோடு எழுப்பிப் பார்த்தேன். கதை சப்பென்று ஆகிவிட்டது. அதனால் அவரை இறந்தவராகவே விட்டுவிட்டேன். மறுநாள் படித்தேன்.

என் அப்பாவுக்கும் தெரியும். அவர் பிப்ரவரியில் கேட்டார், பொன்னியின் அப்பா வந்துவிட்டாரே, மாற்ற வேண்டாமா என்று. நான்தான், இது ஒரு குறியீடு, ஒருவரைப் பற்றியதல்ல, எல்லோரைப் பற்றியது என்று சொன்னேன். மகள் வெளிநாட்டில் படிக்கிறாள், அவளுக்குத் தெரியும் என்று நம்பிவிட்டார். உங்களிடம் என் பெயரைச் சொல்லாமல் அவர் பழியை எடுத்துக்கொண்டது இன்றைக்கு உன் கடிதத்தில்தான் தெரிந்தது.

ஏப்ரல் கடிதத்தில் உனக்குப் பூச்சி காட்டி மழுப்பியதற்கு வேறு காரணம் இல்லை, பயம். எழுதியது யாரென்று நீ கண்டுபிடிக்காமலே உன் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். கேமராவைக் கையால் மூடிய ஆள் நீ என்பதை மறந்துவிட்டேன்.

அப்பாவுக்கு போன் செய்து அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். புத்தகம் ஏற்கெனவே கட்டுக் கட்டாக வந்துவிட்டது, பார்க்கலாம் என்கிறார். என்னை மன்னித்துவிடு, பொன்னி. மன்னிக்க முடியாவிட்டால் திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

எப்சி


தாம்பரம்,
6.6.2005

எப்சி,

உன் கடிதம் 26ஆம் தேதி வந்தது. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. 29ஆம் தேதி கச்சேரி.

உன் அப்பா பத்தியை எடுக்கவில்லை. புத்தகம் அப்படியே வாசலில் விநியோகமானது. ஆனால் தொகுத்து வழங்கிய அம்மாளிடம் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். உன் போனுக்கு அவ்வளவு மரியாதை. அரங்கத்தில் எழுநூறு பேர் மடியில் என் அப்பா செத்துக் கிடந்தார், மேலே யாரும் பேசவில்லை. இதுதான் சமாதானமாம்.

முதல் பகுதி முடிந்தது. எட்மண்ட் சார் இரண்டாம் பகுதிக்குக் குச்சியைத் தூக்கினார். நான் ஹார்னை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். சார் என்னைப் பார்த்தார். குச்சியைக் கீழே இறக்கி, ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டார். அவரிடம் நான் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை.

மைக் கிடையாது. தமிழில்தான் பேசினேன். "இந்தப் புத்தகத்தில் என் அப்பா இறந்துவிட்டதாகப் போட்டிருக்கிறது. அது பொய். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அலையில் இறந்தவர்கள் வேறு பேர்" என்றேன். பிறகு பதினொரு பெயரையும் சொன்னேன். கன்னியப்பன் பெயரில் தொடங்கினேன். காகிதம் கையில் இருந்தது, பார்க்க வேண்டியிருக்கவில்லை. கடைசி இரண்டும் குழந்தைகள்.

யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. செல்லம்மா அக்கா எழுந்தது. அதை நான்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அப்புறம் அப்பா எழுந்தார். பின்னால் சிலர் எழுந்தார்கள், சிலர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியேயே போய்விட்டார். போகட்டும்.

நான் உட்கார்ந்து ஹார்னை எடுத்தேன். சார் தொடங்கினார். பதினெட்டு பாரிலும் ஒரு சுரம்கூட உடையவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு எடுத்தேன். கைத்தட்டல் கொஞ்சம்தான். எனக்குப் போதும்.

மறுநாள் கமிட்டி கூடியது. மேடையில் அனுமதியில்லாமல் பேசியதற்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் தொடரலாம் என்றார்கள். எட்மண்ட் சார், அவள் கொடுக்கத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தார். அவருக்கு அங்கே ஓட்டு இல்லை. நான் கொடுக்கவில்லை. ஹார்ன் குழுவின் சொத்து. சனிக்கிழமை அதைத் துடைத்து, வால்வுக்கு எண்ணெய் விட்டு, பெட்டியில் வைத்து, உன் அப்பாவின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் வந்துவிட்டேன்.

மேடையில் நான் உன் பெயரைச் சொல்லவில்லை. அதை நட்பு என்று எடுத்துக்கொள்ளாதே. அன்றைக்குச் சொல்ல வேண்டிய பெயர்கள் வேறு.

உன் கடிதத்தை நேற்று அப்பாவுக்கு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அவரை உயிரோடு எழுப்பினால் கதை சப்பென்று ஆகிவிட்டது என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். முறிந்த காலைத் தடவிக்கொண்டார். "நம்ம வூட்ல சோறு துன்ன பொண்ணு. போவட்டும், வுட்டுடு. ஊருக்கு வந்தா வூட்டாண்ட வரச் சொல்லு. என் மூஞ்சப் பாத்து ஒரு தபா பேசினா போதும்" என்றார். அவர் சொன்னதை உனக்கு எழுத வேண்டியது என் கடமை, எழுதிவிட்டேன். வந்தால் வீட்டுக்குப் போ. உனக்கு மீன் கொடுப்பார். நான் அங்கே இருக்க மாட்டேன்.

அவர் மன்னித்துவிட்டார். அது அவர் சமாச்சாரம். செத்தது அவர், மன்னிக்க அவருக்கு உரிமை இருக்கிறது. எனக்குக் கோபம் தீரவில்லை. கரையில் உட்கார்ந்து நான் எண்ணியதை உன் ஒருத்திக்குத்தான் எழுதினேன், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அதை நீ எடுத்து அந்நியர்களுக்கு முன்னால் படித்து, அவர்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். வெளிச்சம் சரியாக விழவில்லை என்றவனாவது எங்களுக்கு யாரோ.

பேசாமல் இருந்துவிடாதே என்று கேட்டிருந்தாய். அதனால் இந்தக் கடிதம். இனி நீ எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிக்க மாட்டேன். கோபம் தீர்ந்தால் நானே எழுதுவேன். தீராவிட்டால் இல்லை.

இப்படிக்கு,
பொன்னி
த/பெ. மாணிக்கவேல்